மடி உயரமே அளவு: வீல்சேரில் இருக்கும் அம்மாக்களின் கைக்குழந்தைக் கேள்விகள்

வீல்சேர் பயன்படுத்தும் தாய்மார்களும் அவர்கள் வீட்டாரும் குழந்தை வளர்ப்பு பற்றிக் கேட்டவை இங்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை) தெரிந்த ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி (திண்டுக்கல், ஏழு மாதக் கர்ப்பிணி): மேடம், எனக்கு இடுப்புக்குக் கீழ உணர்வு கிடையாது. குழந்தை வர்றதுக்குள்ள என்னென்ன வாங்கி வைக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: கடைக்குப் போகும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். தினமும் உட்காரும் குஷனோடு வீல்சேரில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் மேல்பகுதி வரை அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு 24 முதல் 26 அங்குலம் வரும். அதோடு ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தைக்காக வைக்கும் எந்த மேசைக்கும், தொட்டிலுக்கும் அடிப்பலகை அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் உள்ளே போகும், நேராக முகம் பார்த்து வேலை செய்ய முடியும். அடுத்த அளவு, தரையிலிருந்து குஷன் மேல்மட்டம் வரை. உங்கள் கட்டில் மெத்தை அந்த உயரத்துக்கு வர வேண்டும்.

பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் எடுக்க, வைக்க, துணி மாற்ற என்று கணக்குப் போட்டால் முப்பது நாற்பது தடவை தோளுக்கு வேலை. வீல்சேரைத் தள்ளுவதும், கட்டிலுக்கு மாறுவதும் அதே தோள்தான். அதனால் தூக்குவதைக் குறைத்து, ஒரே மட்டத்தில் நகர்த்துவதைக் கூட்ட வேண்டும். தொட்டிலிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து மேசைக்கு என்று குழந்தை வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மற்ற பொருள்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி (நாமக்கல், கணவர்): கடையில பார்த்த தொட்டில் எதுக்குள்ளயும் என் மனைவியால குனிஞ்சு எடுக்க முடியல. ஆசாரிகிட்ட செய்யச் சொல்லலாமா? என்ன அளவு சொல்லணும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம், கடைத் தொட்டிலை விட அதுவே நல்லது. அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் தரையிலிருந்து 26, 27 அங்குலம் (அவர் முழங்கால் அளவைப் பொறுத்து). முக்கால் அங்குல பிளைவுட், அதன் மேல் அழுத்தினால் அமுங்காத 2 அங்குல மெத்தை. மெத்தை மட்டம் ஏறக்குறைய 30 அங்குலத்தில் நிற்கும். மெத்தை தடிமன் கூடினால் கை அவ்வளவு உயரம் ஏற வேண்டும், அதனால் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். முன்பக்கம் காலுக்கு இடையூறாகக் குறுக்குச் சட்டம் வரக் கூடாது. உறுதிக்கான சட்டங்களைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் கொடுக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கக் கதவு அலமாரிக் கதவு போல இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திறக்கட்டும். மேலிருந்து கீழே இறங்கும் பக்கம் வேண்டாம். அதில் தாழ்ப்பாள் தேய்ந்து ஒரு மூலை இறங்கினால் விழும் இடைவெளியில் குழந்தை சிக்கிக்கொள்ளும். குழந்தைகள் இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் அந்த வகைத் தொட்டிலை விற்கத் தடை இருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. பிடித்து எழுந்து நிற்கும் வயதையும் இப்போதே யோசித்து, மெத்தைக்கு மேல் 24 அங்குலம் கம்பி வையுங்கள். தொட்டில் தரையிலிருந்து உயரமாக இருப்பதால் விழுந்தால் அடி பலம். தாழ்ப்பாள் இரண்டு, வெளிப்பக்கம், கீழே. கதவைத் திறக்கும்போது அம்மாவின் ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரு கையாலேயே திறக்க முடிகிறதா என்று ஆசாரி முன்னால் வைத்தே பாருங்கள்.

கேள்வி (தேனி): அம்மா வீட்டுல தூளி கட்டிடலாம்னு சொல்றாங்க. எனக்கு சரி வருமா அக்கா?

பதில்: பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுவதற்குச் சரி. தூங்க விட்டு நகர்வதற்கு வேண்டாம். புடவைத் தூளியில் குழந்தை உள்ளே அமுங்கும். உட்கார்ந்த நிலையில் அந்தப் பள்ளத்திலிருந்து தூக்குவது தோளுக்குப் பெரிய பாரம். தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும், துணி முகத்தில் மூடும். கட்டியே ஆக வேண்டுமென்றால் மேலே குறுக்குக் கட்டை வைத்து வாயைத் திறந்து வையுங்கள். அடிப்பகுதி உங்கள் முழங்கால் மட்டத்தில் நிற்கும்படி முடிச்சைச் சரிசெய்யுங்கள். புரள ஆரம்பித்த நாளோடு அவிழ்த்துவிட வேண்டியதுதான். தூக்கத்துக்கு மட்டமான மெத்தை, மல்லாந்த நிலை, பக்கத்தில் தலையணை கிடையாது.

கேள்வி (ஈரோடு): முன்னால குனிஞ்சா நானே கவுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. வயிற்றுத் தசைக்கு பலம் கிடையாது. குழந்தையை எடுக்கிறது எப்படி?

பதில்: முதலில் முன்சக்கரங்களைப் பாருங்கள். நேராக ஓட்டி வந்து நின்றால் அவை பின்பக்கம் திரும்பி இருக்கும். அந்த நிலையில் முன்னே சாய்ந்தால் வண்டி எளிதாகக் கவிழும். தொட்டிலுக்குச் சற்று அதிகமாகவே முன்னே போய், ஐந்தாறு அங்குலம் பின்னால் வாருங்கள். முன்சக்கரம் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும், வண்டியின் அடித்தளம் நீளும். பிறகு இரண்டு பிரேக்கும் போடுங்கள். இந்தச் சின்ன அசைவைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

அதன் பிறகு ஒரு முழங்கையை வீல்சேரின் பின்கைப்பிடியில் கொக்கி போல மாட்டிக்கொண்டு மற்றக் கையை நீட்டுங்கள். கைக்குழந்தையை அப்படியே ஒரு கையால் தூக்க முடியாது, கழுத்து நிற்காது. அதனால் பிறந்த நாளிலிருந்தே கெட்டியான பருத்தித் துணியை மடித்துக் குழந்தைக்கு அடியில் விரித்து வையுங்கள். துணியோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்து, தொட்டில் விளிம்புக்கு வந்ததும் நெஞ்சைத் தொட்டில் சட்டத்தில் சாய்த்து, இரண்டு முன்கைகளையும் குழந்தைக்கு அடியில் கொடுத்து மடிக்கு மாற்றுங்கள். மடியில் வழுக்காத துணி விரித்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் நைட்டி மேல் குழந்தை சறுக்கும்.

இன்னொன்று: பெரிய பையை வீல்சேர் முதுகில் மாட்டிவிட்டு, மடியிலிருந்து குழந்தையை இறக்கினால் முன்பாரம் போய் வண்டி பின்னால் சாயும். பையை சீட்டுக்கு அடியில் கட்டுங்கள்.

கேள்வி (சென்னை): எனக்கு முதுகுத்தண்டுல நெஞ்சு மட்டத்துல, டி4ல அடி. தாய்ப்பால் கொடுக்க முடியுமா? கொடுக்கும்போது தலைவலி வந்தா என்ன அர்த்தம்?

பதில்: முடியும். (டி என்பது முதுகுத்தண்டின் நெஞ்சுப் பகுதி. எண் குறையக் குறைய மட்டம் மேலே போகும்.) மார்புக் காம்பின் உணர்வு நரம்பு டி4 வழியாகப் போவதால், அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குப் பால் இறங்கத் தாமதமாகலாம், அளவும் குறையலாம். குழந்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தோலோடு தோல் சேர்த்து வைத்துக்கொண்டு கொடுத்தால் பலருக்கு இறங்கும். போதுகிறதா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

தலைவலியைச் சாதாரணமாக விடாதீர்கள். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத இடத்தில் ஏதாவது தொந்தரவு வந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள். மண்டை இடி, முகம் சிவத்தல், அடிபட்ட மட்டத்துக்கு மேலே வியர்வை, மயிர்க்கூச்சு ஆகியவை அடையாளம். காம்பு வெடிப்பு, பால் கட்டுதல், நிறைந்த மூத்திரப்பை எதுவும் தூண்டலாம். குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள், பை நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் 108. பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடியது இது, காத்திருக்க வேண்டாம். பிரசவ வார்டில் இதைப் பார்த்திராத நர்ஸ்கள் இருப்பார்கள். ஒரு தாளில் எழுதிக் கேஸ் ஷீட்டோடு வைத்துவிடுங்கள்.

பால் கொடுக்கும் நிலைக்கு, குழந்தையைக் கக்கத்துக்கு அடியில், கால் பின்பக்கம் போகும்படி வைத்துக்கொள்வது வசதி. ஆர்ம்ரெஸ்ட் மேல் தலையணையைப் போட்டால் பாரத்தை அது தாங்கும், கை வெறுமனே அணைத்திருந்தால் போதும். அரை மணிக்கு மேல் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பெட் சோர் (அழுத்தப் புண்) வரலாம். மடிப்பாரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கொடுத்து முடித்ததும் குழந்தையைத் தொட்டிலில் விட்டு, முன்னே சாய்ந்து இரண்டு நிமிடம் இருங்கள், பிறகு அடுத்த பக்கம். கத்தீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) போடும் நேரத்தையும் தவற விடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் முதலில் மறந்துபோவது அதுதான்.

கேள்வி (மதுரை, மாமியார்): மருமகளுக்குக் கால் வராது. பேரனைக் குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் நானே பார்த்துக்கிறேன். பாவம் அவளுக்கு எதுக்குச் சிரமம்?

பதில்: அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே செய்தால், குழந்தை அழும்போது உங்களைத்தான் தேடும், மருமகளுக்கும் கை பழகாது. தண்ணீர் சுமப்பது, துணி அலசுவது, தரை துடைப்பது எல்லாம் உங்கள் பங்காக இருக்கட்டும். குழந்தையை அவர் மடியில் கொண்டுவந்து கொடுங்கள். அழுதால் முதலில் அவரே சமாதானம் செய்யட்டும். நீங்கள் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவதை அவரால் மேசை மேல் வைத்த டப்பில் செய்ய முடியும்.

டப் மேசையில் நகராமல் இருக்க அடியில் ரப்பர் ஷீட், டப்புக்குள் ஒரு துண்டு. தண்ணீர் இரண்டு அங்குல ஆழம் போதும். டப்பில் ஓட்டை போட்டு அடைப்பானும் குழாயும் வைத்தால் அழுக்குத் தண்ணீர் நேராக பக்கெட்டுக்குப் போகும், யாரும் டப்பைத் தூக்க வேண்டாம். சூடு 37 டிகிரி. விரலில் உணர்வு குறைந்தவர்கள் தெர்மாமீட்டரை நம்ப வேண்டும். எண்ணெய் தேய்த்த குழந்தை கையில் நிற்காது. குழந்தையைத் துண்டு மேல் வைத்து எண்ணெய் தேய்த்து, துடைத்துவிட்டு, பிறகு டப்புக்குக் கொண்டுபோகட்டும். சுடுதண்ணீர் பாத்திரத்தை மருமகள் மடியில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். தொடை வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி (வேலூர்): முதுகுத்தண்டுல கழுத்துப் பகுதியில, சி6ல அடி. விரல் மடங்காது. டயாபர் மாத்த முடியுமா?

பதில்: டேப் ஒட்டும் டயாபரில் ஒவ்வொரு டேப் முனையிலும் விரல் நுழையும் அளவு நாடா வளையத்தைத் தைத்தோ ஒட்டியோ வையுங்கள். வளையத்தில் கட்டைவிரலை விட்டு இழுத்தால் போதும். ஜப்லாவில் முடிச்சும் பட்டனும் வேண்டாம், முன்பக்கம் வெல்க்ரோ. ஜிப் இருந்தால் சாவி வளையம் மாட்டுங்கள். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கும் பிடி உங்களுக்கு இருந்தால் ஈரத்துணியை எடுக்க அது உதவும். குழந்தையைத் தூக்குவது முன்கையால்தான்.

அமெரிக்காவில் பெர்க்லியில் 1982இல் தொடங்கிய ‘த்ரூ த லுக்கிங் கிளாஸ்’ என்ற அமைப்பு மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்கான இத்தகைய பொருள்களைச் செய்து பார்த்திருக்கிறது. அம்மாவின் வேகத்துக்கு ஏற்ப மிகச் சின்னக் குழந்தைகளே அசையாமல் ஒத்துழைப்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒரே வார்த்தை சொல்லி மாற்றுங்கள். உங்கள் ஊரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் குழந்தையின் துணிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி (கோவை): ராத்திரி கட்டிலுக்கு மாறும்போது குழந்தையைக் கையில வெச்சுக்கலாமா?

பதில்: கூடாது. மாறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். குழந்தையை முதலில் தொட்டிலில் விடுங்கள், நீங்கள் மாறுங்கள், பிறகு எடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பத்து மாசம், தவழ்ந்துகிட்டே சக்கரத்துக்கு அடியில வந்துடுறான்.

பதில்: தண்டையோ சலங்கை வைத்த கொலுசோ போடுங்கள். எங்கே இருக்கிறான் என்று திரும்பாமலே தெரியும். சலங்கை மணி கழன்று வாய்க்குப் போகாமல் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சக்கரக் கம்பிகளில் விரல் போகாமல் வட்டமான பிளாஸ்டிக் மூடி மாட்டலாம். சத்தம் நின்றால் வண்டியை நகர்த்தாதீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள்.

தரையிலிருந்து எடுக்க, முதுகில் பட்டை குறுக்காக வரும் டங்கரீஸ் (தோள்பட்டை வைத்த பேன்ட்) போட்டுவிடுங்கள். வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்கைப்பிடியை முழங்கையால் பிடித்து, மற்றக் கையால் பட்டையைப் பற்றி மடிக்கு ஏற்றலாம். தையல் கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் 9 கிலோ தாண்டியபின் தோளுக்கு இது நல்லதல்ல. ஏறக் கற்றுக்கொடுப்பதே வழி. 9, 10 அங்குல உயரத்தில் அகலமான மரப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். ஃபுட்ரெஸ்ட் மேல் ஏற விடாதீர்கள், அவன் எடைக்கு வண்டி முன்னால் குப்புறக் கவிழலாம்.

கேள்வி (திருச்சி): நான் மத்திய அரசு ஊழியர். ஏதாவது உதவித்தொகை உண்டா?

பதில்: உண்டு. மாற்றுத்திறனாளிப் பெண் ஊழியருக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை தனிப் படி இருக்கிறது. 2017 ஜூலையில் மாதம் 3,000 ரூபாயாக இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதம் தொட்டதும் 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற விதிப்படி 2024 ஜனவரி முதல் 3,750. மூத்த இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். மாற்றுத்திறன் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இணைத்து அலுவலகத்தில் கொடுங்கள்.