பற்றீரியா யாருக்காக உழைக்கிறது? – வாசகர் வினா விடை

சென்ற இதழில் இன்சுலின் பற்றி எழுதியபோது, பற்றீரியாவைக் கொண்டு மருந்து மட்டுமன்றித் துணி நூலுக்கான மூலப்பொருளும் செய்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சோதிடத்துக்கும் வானியலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

"தேவையான பரம்பரையலகைப் பற்றீரியாவினுள் புகுத்திவிட்டால் அது நாம் விரும்பும் பொருளைச் செய்யத் தொடங்கிவிடும் என்று எங்கள் குறிப்புப் புத்தகம் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறது. உண்மையில் அவ்வளவுதானா?" – உயர்தர மாணவி, கோண்டாவில்

அந்த வசனம் பிழையானதன்று. ஆனால் வேலை எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அது நின்றுவிடுகிறது. பரம்பரையலகைப் புகுத்துவது இன்று ஓர் ஆய்வுகூடத்தில் சில நாள்களில் முடிகிற காரியம். அந்தப் பற்றீரியா தின்னும் சீனியிலுள்ள காபன் எந்தெந்த வழியாகப் போகிறது என்று கணக்குப் பார்த்து, அதை நமக்கு வேண்டிய திசைக்குத் திருப்புவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் மினைக்கெட வேண்டியிருக்கிறது. 1991 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் பெய்லி இம்முயற்சியைத் தனியொரு துறையாகவே வரையறுத்து எழுதினார். அனுசேபப் பொறியியல் என்ற பெயர் அதன் பின்னர்தான் பரவலாயிற்று.

நமக்குப் பழக்கமான கள்ளு முட்டியிலிருந்து தொடங்குவோம். சுண்ணாம்பு பூசாத முட்டியில் வடியும் பாளைச் சாறு சில மணி நேரத்துக்குள் கள்ளாகிவிடுவது மதுவத்தினால் மட்டுமன்று. பனை இன மரங்களின் கள்ளில் சைமோமோனாசு என்றொரு பற்றீரியாவும் வாழ்கிறது. 180 கிராம் குளுக்கோசு முழுவதும் நொதித்தால் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மதுவம் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இரண்டு ஏ.ரீ.பி. மூலக்கூறுகளைத் தன் சக்தித் தேவைக்கு எடுத்துக்கொள்ள, சைமோமோனாசு வேறொரு பாதையால் சென்று ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அது தன் உடலை வளர்ப்பதற்குக் குறைவாகச் செலவழித்து, ஏட்டுக் கணக்குக்கு மிக அருகில் வருமளவு எதனோலை வெளியே விடுகிறது. ஆனால் அதற்குக் குளுக்கோசு, பிரற்றோசு, சுக்குரோசு ஆகிய மூன்று வெல்லங்களே உணவு. வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் நிறைந்திருக்கும் சைலோசு என்னும் வெல்லத்தை அது தொடவும் மாட்டாது.

சைலோசையும் தின்னக்கூடிய, குடலில் வாழும் பற்றீரியாவான ஈ.கோலிக்கோ வேறு குறை. ஒட்சிசன் இல்லாதபோது அது அசற்றிக் அமிலம், இலற்றிக் அமிலம், போமிக் அமிலம், சக்சினிக் அமிலம் என்று பலவற்றையும் கலந்து உண்டாக்கும். எதனோல் அவற்றுள் ஒரு பங்கு மாத்திரமே. இவை பிரியும் சந்தியில் நிற்பது பைருவேற்று என்னும் சேர்வை. வெங்காயத் தோட்டத்துக்கு நீர் கட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். பம்பியிலிருந்து வரும் நீர் ஒன்றுதான். எந்தப் பாத்தியின் மடை திறந்திருக்கிறது, எது அகலமானது என்பதைப் பொறுத்தே அது பாயும். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிரம் குழுவினர் 1987 இல் சைமோமோனாசின் இரண்டு பரம்பரையலகுகளை ஈ.கோலிக்குள் வைத்தபோது செய்தது அகலமான ஒரு மடையைத் திறந்ததுதான். அவற்றுள் ஒன்று உண்டாக்கும் நொதியம் பைருவேற்றை மிகக் குறைந்த செறிவிலேயே பற்றிக்கொள்வதால், மற்ற அமிலங்களுக்குரிய நொதியங்கள் கைநீட்டுமுன் காபன் எதனோல் பக்கம் ஓடிவிடுகிறது. பின்னர் சக்சினிக் அமிலத்துக்குப் போகும் மடையையும் அடைத்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்கே 1991 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் ஐம்பது இலட்சமாவது காப்புரிமை வழங்கப்பட்டது. கள்ளில் வாழும் ஓர் உயிரி அந்த எண்ணுக்குச் சொந்தமானதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது பெருமிதம் ஏற்படும். அதற்கு நியாயம் எதுவுமில்லை.

நான் குறிப்பிட்ட துணி நூல் விடயம் இதைவிடச் சிக்கலானது. அந்த நூலின் மூலப்பொருளான 1,3-புரோப்பேன்டையோல் என்னும் சேர்வையை ஈ.கோலி இயல்பாகச் செய்வதில்லை. டூபொண், ஜெனன்கோர் நிறுவனங்களின் ஆய்வாளர்கள், குளுக்கோசிலிருந்து கிளிசரோல் வரையான பாதையை மதுவத்திலிருந்தும், கிளிசரோலுக்கு அடுத்த படியைக் கிளெப்சியெல்லா என்ற பற்றீரியாவிலிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். கடைசிப் படிக்கும் கிளெப்சியெல்லாவின் நொதியமே உண்டு, ஆயினும், ஈ.கோலியிடமே ஏற்கனவே இருந்த, வேறு வேலைக்குரிய ஒரு நொதியம் அதைவிடச் சிறப்பாக அந்தப் படியை முடித்தது. பாதை பூர்த்தியான பின்னரும் விளைச்சல் போதவில்லை. செய்த கிளிசரோலைப் பற்றீரியா தானே மீண்டும் தின்றதனால், அதற்கான இரண்டு நொதியங்களை நீக்க வேண்டியிருந்தது. குளுக்கோசை உள்ளே இழுப்பதற்கு அது வழக்கமாகச் செலவிடும் ஒரு பெறுமதியான சேர்வையை மிச்சம் பிடிப்பதற்காக, உள்ளிழுக்கும் வாயிலையே மாற்றியமைத்தார்கள். இறுதியில் லீற்றருக்கு 135 கிராம் என்ற அளவை எட்டினார்கள். 2006 இல் அமெரிக்காவின் தெனசி மாநிலத்து லூடன் நகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சோளச் சீனியைத் தின்ற பற்றீரியாவிலிருந்து வந்த அந்தச் சேர்வை இன்று கம்பளங்களிலும் ஆடைகளிலும் இழையாக இருக்கிறது.

"குடுவையில் நன்றாக விளைச்சல் தரும் பற்றீரியா, பெரிய தாங்கியில் இட்டதும் ஏமாற்றிவிடுவது ஏன்?" – விஞ்ஞான ஆசிரியர், கரவெட்டி

அது நம்மை ஏமாற்றுவதில்லை; தன் வேலையைத் தான் பார்க்கிறது. பற்றீரியாவின் வேலை இரண்டாகப் பிரிந்து பெருகுவது. நமக்காகச் செய்யும் ஒவ்வொரு மூலக்கூறும் அதன் கணக்கில் நட்டமே. நல்ல வளர்ப்பூடகத்தில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது. ஒரேயொரு கலத்திலிருந்து புறப்பட்டு ஓர் இலட்சம் லீற்றர் தாங்கியை அடர்த்தியாக நிரப்புவதற்கு ஏறத்தாழ 60 இரட்டிப்புகள் வேண்டும். இடையில் எங்கேனும் ஒரு கலம், தற்செயலான விகாரத்தினால் நாம் சுமத்திய பாதையைக் கைவிட்டுவிட்டால், அதன் சந்ததி மற்றவற்றைவிட விரைவாகப் பெருகும். பாத்தியில் ஒரு கோரைக் கிழங்கை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பது உங்களூர்க் கமக்காரர் எவருக்கும் தெரியும். இதனுடன், பெரிய தாங்கியில் ஒட்சிசனும் சீனியும் எல்லா மூலைக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்ற தொல்லையும் உண்டு.

இதற்குப் பல பரிகாரங்கள் உள. எளிதில் தொலைந்துபோகும் பிளாசுமிட்டு என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் பரம்பரையலகை வைக்காமல் நிறமூர்த்தத்திலேயே பதித்துவிடுவது ஒன்று. முதலில் வளரவிட்டுப் பின்னர் மாத்திரம் உற்பத்தியைத் தூண்டுவது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ஒட்சிசன் இல்லாத நிலையில் சீனியை உடைக்கும் பற்றீரியாவிடம் ஐதரசனைச் சுமக்கும் என்.ஏ.டி. என்னும் உதவி மூலக்கூறுகள் நிரம்பிவிடுகின்றன. அந்தச் சுமையை எங்காவது இறக்கினாலன்றி அடுத்த குளுக்கோசைத் தொட முடியாது. எதனோலும் இலற்றிக் அமிலமும் உண்மையில் அந்தச் சுமை இறக்கும் இடங்களே. நாம் வேண்டாத இடங்களையெல்லாம் மூடி, நமக்கு வேண்டிய பொருளுக்குச் செல்லும் ஒன்றை மட்டும் திறந்துவிட்டால், அந்தப் பொருளைச் செய்யாமல் பற்றீரியா வளரவே முடியாது. அப்போது எது விரைவாகப் பெருகுகிறதோ அதுவே நமக்கும் கூடுதலாகத் தரும். விகாரம் தோன்றினாலும் அது நம் பக்கமாகவே தேர்வாகும். வகுப்பில் இயற்கைத் தேர்வைக் கற்பிக்கும்போது இதையும் சொல்லிப் பாருங்கள்.

"நமது கருப்பநீரைக் கொண்டு இவ்வாறான பிளாத்திக்கு அல்லது எரிபொருள் செய்தால் சீவல் தொழிலாளருக்கு நல்ல வருமானம் கிடைக்குமல்லவா?" – பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், சாவகச்சேரி

உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன்; கணக்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் பிளாத்திக்கைப் பார்ப்போம். 1926 இல் பிரெஞ்சு விஞ்ஞானி மொரிசு லெமுவான், சில பற்றீரியாக்கள் உணவு மிதமிஞ்சிய காலத்தில் நாம் கொழுப்புச் சேர்ப்பதுபோல் பொலிஐதரொட்சிபியூற்றிரேற்று என்ற பொருளைக் கலத்துக்குள் சேமிப்பதைக் கண்டார். உருக்கி வார்க்கத்தக்க, மண்ணில் உக்கிப்போகும் பிளாத்திக்கு அது. குப்ரியாவிடசு என்னும் பற்றீரியா தன் உலர் நிறையில் நூற்றுக்கு 80 பங்கு வரை அதைச் சேர்க்கவல்லது. ஆனால் குளுக்கோசிலுள்ள ஆறு காபன்களில் இரண்டு வழியில் காபனீரொட்சைட்டாகக் கழிந்துவிடுவதனால், எவ்வளவு கெட்டித்தனமாகப் பொறியியல் செய்தாலும் சீனியின் நிறையில் பாதிக்குமேல் பிளாத்திக்காக வராது. ஒரு லீற்றர் கருப்பநீரில் 100 கிராம் சீனி உண்டென்று வைத்துக்கொண்டால், உச்சமாக 50 கிராம் பிளாத்திக்கு. அதே ஒரு லீற்றரைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றினால் கிடைக்கும் பனங்கட்டியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பனையேறும் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து இறக்கும் சீனி, இயந்திரம் அறுவடை செய்யும் கரும்போடும் சோளத்தோடும் ஒருபோதும் மலிவில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. இன்னொரு சிக்கலையும் சொல்லி வைக்கிறேன். கருப்பநீரிலுள்ள வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசு. ஆய்வுகூடங்களில் பயன்படும் கே-12 என்ற ஈ.கோலி வகை சுக்குரோசைத் தின்னாது. அதற்கான பரம்பரையலகுகளை வேறு வகையிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

சங்கம் சிந்திக்க வேண்டிய இடம் வேறு. ஊமல், மட்டை, பனம்பழ நார் என்று எரிபொருளாகவோ குப்பையாகவோ போகும் பொருள்களில் உள்ள செலுலோசும் சைலோசும் யாருடைய உணவுமல்ல. அவற்றை உடைத்து வெல்லமாக்குவதற்கு வெப்பமும் அமிலமும் நொதியமும் செலவாகும் என்பதால் இலாபம் உறுதியென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்பதானால் கருப்பநீரைப் பற்றியன்றி ஊமலைப் பற்றிக் கேளுங்கள்.

"அஜினோமோட்டோ இரசாயனப் பொருளா, இயற்கைப் பொருளா? வீட்டில் தினமும் வாக்குவாதம்." – இல்லத்தரசி, நல்லூர்

இரண்டும்தான். 1908 இல் கிக்குனே இக்கேடா என்ற யப்பானிய இரசாயனவியலாளர் கடற்பாசிக் குழம்பின் சுவைக்குக் காரணம் குளூற்றமேற்று என்று கண்டறிந்தார். அதன் சோடியம் உப்பே அஜினோமோட்டோ. நெடுங்காலம் அதைக் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் அவித்தே எடுத்தார்கள். 1950களின் நடுப்பகுதியில் யப்பானில் மண்ணிலிருந்து கண்டெடுத்த கொரினிபற்றீரியம் என்ற நுண்ணுயிர், பயோற்றின் என்னும் விற்றமின் குறைவாகக் கிடைக்கும்போது தன் கல மென்சவ்வு வழியே குளூற்றமேற்றைத் தாராளமாகக் கசிய விடுவது தெரியவந்தது. இன்று உலகச் சந்தைக்கு வருவது இவ்வாறு நொதித்தலால் செய்யப்படுவதே. கோழித் தீவனத்திலுள்ள இலைசீன் என்னும் அமினோ அமிலமும் இதே பற்றீரியாக் குடும்பத்தின் உழைப்பு. கறிக்கு அஜினோமோட்டோ வேண்டுமா என்பதில் நான் தலையிடவில்லை.

"மலேரியாவுக்கான ஆட்டெமிசினினை நுண்ணுயிரைக் கொண்டு செய்வதாக ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் சத்தமில்லை. என்ன நடந்தது?" – ஓய்வுபெற்ற மருந்தாளர், பருத்தித்துறை

விஞ்ஞானம் வென்றது, சந்தை வெல்லவிடவில்லை. கலிபோர்னியாவில் ஜே கீசுலிங் குழுவினர் 2003 இல் அம்மருந்தின் முன்னோடிச் சேர்வையை ஈ.கோலியில் உண்டாக்கினார்கள். அடுத்த படிகளுக்குரிய தாவர நொதியங்கள் மென்சவ்வில் அமர்ந்து வேலை செய்பவை. பற்றீரியாவைவிட மதுவமே அவற்றுக்கு ஏற்ற வீடு என்பதால் அங்கே மாறினார்கள். 2013 இல் வெளியான முடிவுப்படி, ஆட்டெமிசினிக் அமிலம் லீற்றருக்கு 25 கிராம் அளவில் கிடைத்தது; அதே ஆண்டில் சனோபி நிறுவனம் இத்தாலியில் பெருமளவு உற்பத்தியையும் தொடங்கியது. ஆனால் செடியைப் பயிரிடுவோர் தொகை பெருகி, செடியிலிருந்து எடுத்த மருந்தின் விலை தொழிற்சாலையின் அடக்கவிலைக்கும் கீழே இறங்கிவிட்டது. சில ஆண்டுகளில் சனோபி அந்தத் தொழிற்சாலையைக் கைமாற்றிவிட்டது. விலை விழுந்தால் அடிபடுபவர்களும் ஏழைக் கமக்காரர்களே என்பதனால், இதைத் தோல்வி என்று மாத்திரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வன்னியில் இடம்பெயர்ந்திருந்த நாள்களில் மலேரியாக் குளிரில் நடுங்கிய நம்மவர்களுக்கு மலேரியா மருந்தின் அருமை தெரியும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

"கிணற்று நீரில் ஈ.கோலி இருக்கிறது, குடிக்காதீர்கள் என்றார்கள். நீங்களோ அதனால் மருந்து செய்கிறார்கள் என்று எழுதுகிறீர்கள்." – வாசகர், அளவெட்டி

பெயர் ஒன்று, வகைகள் பல. ஆய்வுகூடத்துக் கே-12 வகை 1922 இல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அன்றுமுதல் செயற்கை ஊடகத்திலேயே வளர்ந்து வருவதால் குடலில் தங்கி வாழும் திறனை இழந்துவிட்டது. 1982 இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற மனித இன்சுலினும் இவ்வாறான பாதுகாப்பான வகையினால் செய்யப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்டதே; ஊசி மருந்தில் பற்றீரியா இருப்பதில்லை. குருதி வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஓ157 என்ற வகையிடமோ, கே-12 இடம் இல்லாத ஆயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் இருக்கின்றன.

உங்கள் கிணற்றிலுள்ளது எவ்வகையாயினும், அது இருப்பதன் பொருள் மலம் நீரில் கலக்கிறது என்பதே; நூறு மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருத்தல் ஆகாது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தின் வெடிப்புகள் வழியே மலசலகூடக் குழியின் கழிவு அதிகம் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரீன் இடுவியுங்கள். மீண்டும் சோதித்து முடிவு வரும்வரை நன்கு கொதித்து ஆறிய நீரையே குடியுங்கள்.