சிஸ்டரிடம் கேளுங்கள்: அம்மம்மாவின் ஆன்மா எங்கே?

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். என் அம்மம்மாவுக்கு அல்சைமர் நோய். என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கதைக்கிறார். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். மூளை சுருங்கியிருப்பதை வைத்தியர் ஸ்கான் படத்தில் காட்டினார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணா, “மூளைதான் ஆள். மூளை அழிய ஆளும் அழிகிறார். ஆன்மா என்பதெல்லாம் பழைய கதை” என்கிறார். ஆனால் அம்மம்மா செபமாலையை மட்டும் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்கிறார். ஆன்மா இருப்பதற்கு அதுவே சாட்சி என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி? இந்த நிலையில் அம்மம்மாவுக்கு நோயில் பூசுதல் (நோயாளருக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, குருநகர்

பதில்: அன்புள்ள பிள்ளைக்கு, முதலில் அம்மாவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அவர் மனம் நோகக்கூடாது. செபமாலை ஆன்மாவுக்குச் சாட்சி அல்ல. இளவயது முதல் நாள்தோறும் சொல்லிப் பழகிய செபங்களும் பாடல்களும் இந்த நோயில் பெரும்பாலும் பிந்தித்தான் அழிகின்றன. நான் தாதியாக வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு சைவ அம்மா இருந்தார். தன் பெயரையே மறந்த பிறகும் தேவாரம் பாடுவார். இதை மருத்துவத்தால் விளக்க முடியும். இன்னொன்றையும் அம்மா யோசிக்கவேண்டும். அந்தச் செபமும் ஒருநாள் அம்மம்மாவின் வாயிலிருந்து போய்விடலாம். அன்று அம்மாவின் விசுவாசம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இனி அண்ணாவுக்கு. ஸ்கான் படம் பொய் சொல்லவில்லை. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் கண்டு அறிவித்த படிவுகளையும் நரம்பு முடிச்சுகளையும் நானும் படித்தவள்தான். ஆனால் மூளைக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் தனிப்பொருளாக ஆன்மாவை நினைத்துக்கொண்டு, ‘தேடினேன், காணவில்லை’ என்கிறார் அண்ணா. திருச்சபை அப்படிக் கற்பிக்கவே இல்லை. ஆன்மாதான் உடலை உயிருள்ள மனித உடலாக்குகிறது, இரண்டும் சேர்ந்தே ஒரு மனிதர் என்று 1312இல் திருச்சபை ஆயர்களின் கூட்டமான வியன் பொதுச்சங்கம் அறிவித்தது. அதற்கும் முன்னரே, 13ஆம் நூற்றாண்டில், புனித தோமா அக்குவினாஸ் எழுதியிருக்கிறார்: நினைவுக்குரிய உறுப்பு கெட்டால், முன்பு நன்கு அறிந்ததையும் ஒருவரால் எண்ணிப்பார்க்க முடியாமல் போகும். ஆன்மா உண்டென்று உறுதியாகக் கற்பித்த அந்தத் துறவிக்கு அண்ணாவின் ஸ்கான் படம் அதிர்ச்சியைக் கொடுத்திருக்காது.

ஆகவே மூளை பழுதானால் நினைவு பழுதாகும் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. ‘சடப்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை’ என்று அண்ணா தாண்டிப் போகிறாரே, அங்கேதான் சண்டை. அது எந்த ஆய்வுகூடத்திலும் அளந்து கண்ட முடிவல்ல. ஆய்வுகூடம் அளக்கக்கூடியதை அளக்கிறது. அளக்கமுடியாதது இல்லை என்று அது சொல்வதில்லை, மனிதர்தான் சொல்கிறார்கள். பிரித்தானிய உயிரியலாளர் ஹால்டேன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர். என் சிந்தனையை என் மூளையின் அணு அசைவுகளே முழுவதும் தீர்மானிக்கின்றன என்றால், அந்தச் சிந்தனை உண்மை என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லையே என்று அவர் இளமையில் எழுதினார். பிற்காலத்தில் அந்த வாதத்தைக் கைவிட்டார். என் மனதுக்கு அவர் முதலில் சொன்னதே சரியாகப் படுகிறது. ‘மூளைதான் ஆள்’ என்று அண்ணா சொல்லும்போது, அது வெறும் இரசாயன விளைவு என்று அவர் கருதுவதில்லை. உண்மை என்றே கருதுகிறார். நீங்களும் அதை ஏற்கவேண்டும் என்று விரும்புகிறார்.

அண்ணாவிடம் யாழ்ப்பாணத்து நவாலியைப் பற்றிக் கேளுங்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அநியாயம் என்று அண்ணாவின் நெஞ்சு கொதிக்கும். கொதிக்கவேண்டும். அங்கே நடந்தது அணுக்கள் இடம்மாறியது மட்டும்தான் என்றால், அநியாயம் என்ற சொல் எதைக் குறிக்கிறது? எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையா? இல்லை, பிள்ளை. உலகமே ஒன்றுகூடி அது சரிதான் என்று சொன்னாலும் அது அநியாயம்தான். கண்ணால் காணமுடியாத அந்த உண்மை, குண்டு துளைத்த சுவரைவிட உறுதியானது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் ‘காண்பவை காணாதவை யாவும் படைத்த’ தந்தையை நம்புகிறேன் என்று சொல்கிறோமே, அதை முழு மனதோடுதான் சொல்கிறேன்.

அப்படியானால் அம்மம்மா எங்கே என்கிறீர்கள். உங்கள் முன்னால்தான் இருக்கிறார். ஒரு மனிதர் தன்னைப் பற்றி நினைவு வைத்திருப்பதால் மனிதராக இருப்பதில்லை. எசாயா இறைவாக்கினரின் 49ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பால்குடிக்கும் மகவைத் தாய் மறப்பாளோ என்று கேட்ட கடவுள், மறக்கமாட்டாள் என்று சொல்லி நிறுத்தவில்லை. ‘இவர்கள் மறந்திடினும், நான் உன்னை மறக்கவே மாட்டேன்’ என்கிறார். மறந்துபோகும் தாய்மாரை வேதம் முன்பே கண்டிருக்கிறது. உங்கள் அம்மாவை மறந்துவிட்ட அந்தத் தாயைக் கடவுள் மறக்கவில்லை. எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. அவரைக் குளிப்பாட்டும்போதும் உணவு ஊட்டும்போதும் இறுதிவரை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டோம். பழக்கத்தால் அல்ல, அவர் டீச்சராகவே இருந்தார் என்பதால். கடவுள் அவரை ஒருநாள் உடலோடு எழுப்புவார் என்றும் நம்புகிறேன். எங்கள் நம்பிக்கை உடலை உதறிவிட்டுப் பறந்துபோகும் ஆவியைப் பற்றியதல்ல, உயிர்ப்பைப் பற்றியது.

நோயில் பூசுதல் கட்டாயம் கொடுக்கலாம். சுயநினைவோடு இருந்தபோது கேட்டிருக்கக்கூடிய நோயாளருக்கு இப்போது அறிவு தெளிவில்லாவிட்டாலும் அதைக் கொடுக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1006ஆம் பிரிவு சொல்கிறது. செபமாலையை விடாத அம்மம்மா கேட்டிருப்பார் என்பதில் என்ன சந்தேகம்? பங்குத் தந்தையிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நற்கருணையும் கேளுங்கள், விழுங்கச் சிரமப்பட்டால் மிகச் சிறிய துண்டு போதும். உங்களைத் தங்கை என்று அழைத்தால் திருத்தவேண்டாம், பதில் சொல்லுங்கள். பூசும் நேரத்தில் அண்ணாவும் கட்டிலருகில் நிற்கட்டும். அவர் செபம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. புதிய முகங்களைக் கண்டால் இந்த நோயாளர்கள் மிரண்டுவிடுவதுண்டு. பழகிய கை ஒன்று அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்.