அட்வான்ஸ் வாங்கியாச்சு, பதிவு ஆகவில்லை: வீடு பார்க்க வருகிறவர்களை எப்படி நடத்துவது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு விற்கிறவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதுகிறேன். என்னிடம் வந்த தகராறுகளில் பாதிக்கு மேல், பதிவுக்கு முன்னால் வீட்டு வாசலில் ஆரம்பித்தவைதான்.

செம்மண்டலத்திலிருந்து ஒரு சகோதரி: ஐயா, பகலில் நானும் மாமியாரும் மட்டும்தான் வீட்டில். புரோக்கர் போன்கூட பண்ணாமல் பார்ட்டியோடு வந்து நிற்கிறார். திருப்பி அனுப்பினால் நல்ல விலை கைவிட்டுப் போகுமோ?

போகாதும்மா. நிஜமாக வாங்க நினைக்கிறவர் நாளைக்கும் வருவார். ஞாயிறு காலை 9 முதல் 12 வரை என்று புரோக்கரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் எமகண்டம், சாயந்திரம் நாலரைக்கு மேல் ராகுகாலம் என்று பலரும் வரத் தயங்குவார்கள், அதனால் காலைதான் தோது. வருகிறவர் பெயரையும் போன் நம்பரையும் முன்னாலேயே வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட இருக்கட்டும். ஒருவர் மாடிக்கும் ஒருவர் பின்கட்டுக்கும் பிரிந்து போக விடாமல், எல்லாரையும் ஒன்றாகவே அழைத்துப் போய்க் காட்டுங்கள். பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

கடலூர் முதுநகர்: 2015 மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பார்க்க வருகிறவர்களிடம் சொல்லாதே என்கிறார் புரோக்கர்.

சொல்லுங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, 55ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடிக் கணக்கில் வரும். சட்டத்தை விடுங்கள், கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேருகிற ஊர் நம்முடையது. தெருமுனை டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சொல்லிவிடுவார்கள். அங்கே தெரிந்துகொண்டால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். நீங்களே சொல்லி, அதன்பிறகு படியை உயர்த்தியிருந்தால் அதையும் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தரம் வந்து பார்க்கிறேன் என்றால் தாராளமாக வரட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: அக்ரிமெண்ட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அவர்கள் பேங்க் லோனுக்குக் காத்திருக்கிறார்கள். அதற்குள் வாஸ்து பார்ப்பவர், தச்சர், சொந்தக்காரர்கள் என்று வாரம் மூன்று முறை வருகிறார்கள். இப்போது சமையலறைச் சுவரை இடிக்க வேண்டும், ஒரு சாவி கொடுங்கள் என்கிறார்கள். மறுத்தால் மனஸ்தாபம் வருமே அண்ணா?

தம்பி, முதலில் அவர்கள் பக்கத்தையும் பாருங்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு. பொங்கலுக்குள் குடிவர வேண்டும் என்ற ஆசையில் வருகிறார்கள். அதனால் முகம் சுளிக்காதீர்கள், ஆனால் எத்தனை தடவை என்பதற்குக் கணக்கு வையுங்கள். அளவெடுக்க ஒரு தடவை, வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்ட ஒரு தடவை, பதிவுக்கு முந்தின நாள் ஒரு தடவை. நான் எழுதும் அக்ரிமெண்டில் இதை ஒரு வரியாகவே சேர்த்துவிடுகிறேன். பேங்க்கிலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர் வந்தே ஆக வேண்டும்.

சுவர் இடிப்பதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். அக்ரிமெண்ட் போட்டதால் வீடு அவர்களுடையது ஆகிவிடாது, கிரயப் பத்திரம் பதிவானால்தான் ஆகும். நான் பார்த்த ஒரு வீட்டில் நல்ல மனசோடு சாவியைக் கொடுத்தார்கள். வாங்குகிறவர் பழைய மேடையை உடைத்துவிட்டுப் புது மேடை போட ஆரம்பித்தார். லோன் கிடைக்கவில்லை. அட்வான்ஸோடு மேடைக்குச் செலவழித்ததையும் கொடு என்றார் அவர். உடைத்த மேடைக்கு நீ கொடு என்றார் இவர். அடுத்த பார்ட்டி வந்து பார்த்தால் பாதி இடிந்த சமையலறை. அந்த வீடு விற்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

சாவி கொடுப்பது சுவாதீனம், அதாவது வீட்டை அவர்கள் கைவசமே, கொடுத்ததாகிவிடும். பிறகு வெளியேற்றுவதற்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். “பதிவன்னிக்கு உங்க கையில சாவி, அடுத்த நாளே இடிச்சுக்கோங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நல்லவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மஞ்சக்குப்பம்: வீடு பிடித்துப்போய், அங்கேயே 50,000 ரூபாயைக் கையில் திணிக்கிறார் ஒருவர். வாங்கலாமா?

ரொக்கமாக வேண்டாம். 20,000 அல்லது அதற்கு மேல் சொத்து முன்பணத்தை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கினவர் அதே தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும். செக் அல்லது பேங்க் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை: எங்கள் திண்ணை வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. பார்க்க வந்தவர், எடுத்துப்போய் மொழிபெயர்த்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்கிறார்.

ஒரிஜினல் வாசலைத் தாண்டக் கூடாது. வாங்குகிறவர் கேட்டால் பத்திரங்களைக் காட்டுவது உங்கள் கடமை, கொடுத்தனுப்புவது கடமை இல்லை. ஜெராக்ஸ் எடுத்து, குறுக்கே “பார்வைக்கு மட்டும்” என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். ஒத்துப்பார்க்க வேண்டுமென்றால் அவருடைய வக்கீல் உங்கள் வீட்டுக்கே வரட்டும். அந்தக் காலத்துப் பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம் என்று அலைய வேண்டும், அதற்குள் வியாபாரம் ஆறிப்போகும்.

புதுப்பாளையம்: வாடகைக்கு இருப்பவர் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்கிறார்.

ஒரு நாள் முன்னதாக எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கு அது இன்னும் வீடுதான். காலி பண்ண எவ்வளவு நாள் தருவீர்கள் என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள், பாதி கோபம் அந்தப் பயத்தில் வருவது.

நெல்லிக்குப்பம்: நாளை மறுநாள் பதிவு. நாளைக்குக் கடைசியாகப் பார்க்க வருகிறார்கள். என்ன காட்ட வேண்டும்?

மோட்டாரைப் போட்டுக் காட்டுங்கள், எல்லாக் குழாயையும் திறந்து காட்டுங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங்கை இருவரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகளை எடுத்து வையுங்கள். எது உங்களோடு வரும், எது வீட்டோடு இருக்கும் என்று அறை அறையாகப் பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஃபேன், ஏசி, கூடத்து ஊஞ்சல் எல்லாம் அதில் வரட்டும். ஊஞ்சல் பலகை உங்களுக்கு, உத்தரத்துக் கொக்கி அவர்களுக்கு என்றால் அதையும் எழுதுங்கள்.