எடை எங்கே போனது? பொருள்களின் மாற்றம் குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தராசிலிருந்து கிளம்பியவை. ஒருவருக்கு எடை குறைகிறது, இன்னொருவருக்குக் கூடுகிறது. அனைத்துக்கும் அடிப்படை நிறை மாறா விதிதான்: மாற்றத்துக்கு முன்பு இருந்த பொருள்களின் மொத்த நிறையும், பின்பு இருப்பவற்றின் மொத்த நிறையும் சமம். அந்த மொத்தத்தில் காற்றும் நீராவியும் சேர்த்தி என்பதை மறக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

குறுவை நெல் 1,000 கிலோ, ஈரப்பதம் 22 சதவீதம். கொள்முதல் நிலையத்துக்காக 17 சதவீதம் வரை காய வைத்தேன். ஐந்து சதவீதம் போனால் 950 கிலோ இருக்க வேண்டும். 940 கிலோதான் இருக்கிறது. பத்துக் கிலோ எங்கே?
*விவசாயி, திருத்துறைப்பூண்டி*

அந்தப் பத்துக் கிலோவும் நீராவியாகத்தான் போயிருக்கிறது. தராசைச் சந்தேகிக்க வேண்டாம். 22-இலிருந்து 17-ஐ நேரடியாகக் கழித்ததுதான் தவறு. ஈரப்பதம் என்பது அந்தந்த நேரத்து மொத்த எடையில் நீரின் பங்கு. மொத்த எடையே குறைந்துகொண்டு வரும்போது இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது.

மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். ஆயிரம் கிலோவில் நீர் 220 கிலோ. நீர் நீங்கலாக 780 கிலோ. காய வைத்ததில் இந்த 780 கிலோவுக்கு எதுவும் ஆகவில்லை. காய்ந்த நெல்லில் அது 83 சதவீதம். ஆகவே 780-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 940. களத்திலிருந்து கிளம்பும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் எடை குறைந்தால், அப்போது தைரியமாகக் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலில் காய்வது இயற்பியல் மாற்றம். நீர் மட்டுமே வெளியேறுகிறது. ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு நாள்கணக்கில் மூடி வைத்தால் நடப்பது வேறு. நெல் சுவாசிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, குவியலின் உள்ளே கை வைத்தால் சுடுகிறது. மாவுச்சத்தே கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறி வெளியேறுகிறது. இது வேதியியல் மாற்றம். இங்கே அந்த 780 கிலோவே குறையத் தொடங்குகிறது. குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால், காய வைக்க முடியாவிட்டாலும் குவியலைக் கிளறிக் காற்றோட்டமாவது கொடுங்கள்.

அரிசியை அரைத்து மாவாக்குவது வேதியியல் மாற்றம் என்று என் மகள் எழுதிவிட்டாள். மாவு மீண்டும் அரிசியாகாது என்பது அவள் வாதம். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறதே?
*மன்னார்குடி வாசகி*

விடை தவறு, ஆனால் யோசனை நன்று. தவறு அவளுடையதும் அல்ல. ‘மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் இயற்பியல் மாற்றம், வராவிட்டால் வேதியியல் மாற்றம்’ என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழியின் விளைவு இது. அந்தக் குறுக்குவழியைக் கைவிட வேண்டும் என்று நான் பல காலமாகக் கேட்டுவருகிறேன். புதிய பொருள் உண்டானதா என்பதே சரியான கேள்வி. மாவில் இருப்பது அரிசியில் இருந்த அதே மாவுச்சத்து, அதே புரதம். துகள் மட்டுமே சிறிதாயிற்று. அதே மாவை உளுந்தோடு கரைத்து இரவு முழுவதும் வைத்தால் நுண்ணுயிர்கள் சர்க்கரைகளை அமிலமாகவும் வாயுவாகவும் மாற்றிவிடுகின்றன. புளிப்பும் பொங்கலும் அதனால்தான். அது ஐயமில்லாமல் வேதியியல் மாற்றம்.

நெல்லை அவித்துப் புழுங்கலாக்குவதைக் கேட்டிருந்தால் எனக்கும் சற்று யோசனைதான். மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, உள் ஒழுங்கு குலைந்து பசையாகின்றன. ஆனால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுபடுவதில்லை. நான் அதை இயற்பியல் மாற்றத்தின் பக்கம் வைப்பேன். எதிர்ப்பக்கம் எழுதிக் காரணமும் சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு டப்பாவில் சில நாள்களில் மேலே வெள்ளையாக ஏடு கட்டிவிடுகிறது. நாக்கில் பட்டால் காரமே இல்லை. கலப்படமா?
*கும்பகோணம்*

கலப்படம் இல்லாமலே இது நடக்கும். சுண்ணாம்பு தான் வந்த வழியே திரும்பிப் போகிறது.

சுண்ணாம்பு செய்யச் சூளையில் சுடும் கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூளையில் நூறு கிராம் தூய கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகிறது. சுட்ட கிளிஞ்சல் கையில் அவ்வளவு லேசாக இருப்பதற்கு அதுதான் காரணம். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி, 56 கிராமோடு 18 கிராம் நீர் வேதியியல் முறையில் சேர்ந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. நாம் வெற்றிலையில் தடவுவது இதைத்தான். திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை 44 கிராம் எடுத்துக்கொண்டு, முன்பு சேர்ந்த 18 கிராம் நீரை விட்டுவிட்டு, மறுபடியும் நூறு கிராம் கார்பனேட் ஆகிவிடும். சூளையில் போன 44 காற்றிலிருந்து திரும்பி வந்துவிட்டது, ஒரு கிராம்கூடப் பிசகாமல். டெல்டாவின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் வருடக்கணக்கில் இறுகுவதும் இந்த வினையால்தான்.

முந்தைய கேள்விக்கும் இது பதிலாகிறது: மூன்றுமே வேதியியல் மாற்றங்கள், ஆனாலும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். உங்கள் டப்பாவுக்கு வழி எளிது. சுண்ணாம்பின் மேல் சிறிது நீர் நிற்கும்படி வைத்து, மூடியை இறுக்கமாகப் போடுங்கள்.

எங்கள் அரிசி ஆலைக் கொதிகலனில் நூறு கிலோ உமி எரித்தால் இருபது கிலோ அளவுக்குத்தான் சாம்பல் வருகிறது. மீதி எண்பது அழிந்துவிட்டது என்றுதானே பொருள்?
*ஆலைப் பணியாளர், தஞ்சாவூர்*

அழியவில்லை, புகைபோக்கி வழியாகப் போயிற்று. வெளியே போனது எண்பது கிலோவைவிட அதிகம் என்பதுதான் பலருக்கும் வியப்பாக இருக்கும். உமியின் எரியும் பகுதியில் முக்கியமானது செல்லுலோஸ். 162 கிராம் செல்லுலோஸ் முழுமையாக எரிய 192 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எரிந்த பின் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாக 354 கிராம் வெளியேறுகிறது. தன் எடையைவிட அதிகமான ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டுதான் உமி எரிகிறது. எரியாமல் எஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது.

யூரியாவை நீரில் கரைத்தால் வாளி சில்லென்று ஆகிறது. வெப்பம் மாறுவதால் இது வேதியியல் மாற்றமா?
*பாபநாசம்*

இல்லை, வெறும் கரைதல். படிகம் கலைய வேண்டிய ஆற்றலை நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்கிறது. அதே யூரியா வயலில் அம்மோனியாவாக மாறி மூக்கில் நெடி ஏறுகிறதே, அதுதான் வேதியியல் மாற்றம். அங்கே உங்கள் பணமும் காற்றோடு போகிறது.

சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகுச் சிலையை எடைபோட்டு, அதைக் கொண்டே உலோகத்தின் அளவைச் சொல்கிறார்கள். நிறை மாறா விதிப்படி மெழுகின் நிறையும் சிலையின் நிறையும் சமமாக அல்லவா இருக்க வேண்டும்?
*கல்லூரி மாணவர், மயிலாடுதுறை*

மெழுகு உலோகமாக மாறவில்லை. அதைச் சுற்றிப் பூசிய மண் அச்சிலிருந்து உருகி வெளியேறியது, அது இருந்த இடத்தை உலோகம் நிரப்பியது. இங்கே சமமாக இருப்பது கன அளவு. தேன்மெழுகு நீரைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது. வெண்கலம் நீரைப்போல் எட்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆகவே ஒரு கிலோ மெழுகுச் சிலைக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ உலோகம் தேவைப்படும். ஓடைக்கும் கசிவுக்கும் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

உருக்கிய உலோகத்தில் சிறிது குறைவதையும் நீங்கள் கவனிக்கலாம். செம்பு 1085 டிகிரி செல்சியசில் உருகுகிறது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். கலவையில் துத்தநாகம் இருந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகி, காற்றில் எரிந்து வெண்புகையாகிறது. அந்த வெண்புகை துத்தநாக ஆக்சைடு. அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். பட்டறைக்குப் பார்க்கப் போனால் உலையிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு விளைவது எந்த மாற்றம்? கடைசியில் மிஞ்சும் நீர் ஏன் கசக்கிறது?
*நாகப்பட்டினம்*

இயற்பியல் மாற்றம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் அள்ளிய உப்பும் கடல்நீரில் ஏற்கெனவே கரைந்திருந்ததுதான். வெயில் நீரை மட்டுமே அகற்றியது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. ஜிப்சம் முதலில் படியும், பிறகு சோற்றுப்பு. எளிதில் படியாத மெக்னீசியம் உப்புகள் கடைசி நீரில் சேர்ந்துவிடுகின்றன. கசப்பு அவற்றுடையது.

வகுப்பில் வினிகரையும் ஐந்து கிராம் சமையல் சோடாவையும் பாட்டிலில் கலந்து, வாயில் பலூன் மாட்டிக் காட்டினேன். எதுவும் கசியவில்லை. இருந்தும் தராசில் ஒன்றரை கிராம் குறைந்தது. மாணவர்கள் முன் விதி பொய்த்தது போலாகிவிட்டது.
*அறிவியல் ஆசிரியை, சீர்காழி*

விதி பொய்க்கவில்லை, உங்கள் செய்முறையும் பழுதில்லை. பலூன் உப்பி ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் காற்றை விலக்கியிருக்கும். நீரில் மூழ்கிய பொருளை நீர் மேலே தாங்குவதைப் போலவே, விலக்கப்பட்ட காற்றின் எடை அளவுக்குக் காற்றும் தாங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஒன்றரை லிட்டருக்கு 1.8 கிராம் வரை வரும். உங்கள் தராசு காட்டிய குறைவு இதுதான். நிறை அப்படியே இருக்கிறது. தராசின் மேல் விழும் அழுத்தம் மட்டும் குறைந்தது.

1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெள்ளீயத்தை மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் கலத்தில் வைத்துச் சூடாக்கினார். கலத்தின் கன அளவு மாறாததால் இந்தச் சிக்கல் அவருக்கு வரவில்லை. உலோகம் சாம்பல் பூத்தும் எடை மாறவில்லை. முத்திரையை உடைத்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. உலோகம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வகுப்பில் மறுபடி செய்வதானால் வாயு வராத வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் சலவைச் சோடாக் கரைசல். உள்ளே நூலில் தொங்கும் சிறு சோதனைக் குழாயில் கால்சியம் குளோரைடு கரைசல். தக்கையால் மூடி எடைபோட்டு, குடுவையைச் சாய்த்துக் கலந்தால் வெள்ளை வீழ்படிவு கண்முன் உண்டாகும், தராசின் முள் அசையாது. அடுத்த பாடவேளையில் பழைய பலூன் சோதனையையும் திரும்பச் செய்து காட்டுங்கள். அந்த ஒன்றரை கிராமுக்குக் காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.