பாட்டியின் சோற்று டப்பாவும் படிவம் 4 வரலாறும்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு போதிக்கிறேன். வகுப்பில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம். படிவம் 4இல் (இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு), மலாயாவில் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலப் பாடத்தை வரி வரியாக ஒப்பிக்கிறார்கள். தேர்வில் ‘ஏன்’ என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லலாமா? பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை ஐயா.

பதில்: வணக்கம் டீச்சர். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பொதுவாக ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்கச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை இருபது கேள்விகள் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்த தாள்களில் ‘ரொம்பக் கஷ்டம்’ என்பதைத் தாண்டி ஒன்றுமில்லை. கஷ்டப்பட்டீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வார்கள்!

அடுத்த வருடம் ஒரே ஒரு பொருளைப் பற்றிக் கேட்கச் சொன்னேன்: வேலைக்குக் கொண்டுபோன சோற்று டப்பா. ஒரு மாணவி எழுதிவந்தது இன்னும் நினைவிருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண்களைக் கம்பிவேலி வாசலில் நிறுத்தி, பால்வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். சோறு கொண்டுபோகக் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் சீவிவிட்டு, வீடு திரும்பித்தான் சாப்பாடு.

வகுப்பில் இதைப் படித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “ஏன் சார், சோத்துல என்ன இருக்கு?” என்றான். நீங்கள் தேடும் ‘ஏன்’ இதுதான் டீச்சர். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது அரசின் திட்டம். கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுத் தர வேண்டும். சில இடங்களில் அரிசியையே கொடுக்காமல், பொதுவில் சமைத்துச் சோறாகக் கொடுத்தார்கள். ஓட்டை போட்ட டின்னும் சோறும் சீக்கிரம் கெட்டுப்போகும். காட்டில் பதுக்கிவைக்க முடியாது. இது புரிந்த பிள்ளைக்கு காட்டோர மக்களை இடம் மாற்றிய 1950இன் பிரிக்ஸ் (Briggs) திட்டத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, கம்போங் பாருகளுக்கு (வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு) ஏன் மாற்றினார்கள் என்பதை அவனே சொல்லிவிடுவான்.

வகுப்பில் கம்போங் பாரு பிள்ளை இருந்தால் அவன் பாட்டியும் வேலி வாசலைப் பற்றிச் சொல்வார். மலாய்ப் பிள்ளையின் தாத்தா அந்த வாசலில் காவல் நின்ற சிறப்புக் காவலராக இருக்கலாம். தோட்டம், கம்போங் பாரு, காவல் ஆகிய மூன்று கதைகளையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1948 ஜூன் 16இல் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டது உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் வந்தது. 1960 ஜூலை 31இல்தான் நீங்கியது. தோட்டத்திலிருந்து காட்டு விளிம்பு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் காலத்தைக் குழப்புவார்கள். வாசல் சோதனையை ‘ஜப்பான்காரன் காலத்துல’ என்று சொல்லக்கூடும்; அது 1945லேயே முடிந்த காலம். தப்பு என்று அடித்துவிடாதீர்கள். ‘ஐசி எடுத்ததற்கு முன்பா, பின்பா?’ என்று திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். அடையாள அட்டைப் பதிவு தொடங்கியதே 1948இல், அவசரகாலத்தோடுதான். சான்றைச் சோதிப்பது இப்படித்தான் என்று பிள்ளைகள் கையோடு கற்றுக்கொள்வார்கள். ஆனால் சில வீடுகளில் சிறைக்கோ நாடு கடத்தலுக்கோ ஆளான உறவுகள் இருக்கும். அங்கே பெரியவர் பேச்சை நிறுத்தினால் பிள்ளையும் நிறுத்திவிட வேண்டும்.

சரி, மதிப்பெண்? பாட்டியின் கதையைத் தேர்வுத் தாளில் எழுத முடியாது. தேர்வு மலாயில்தான்; காரணம் தெரிந்தும் மலாய்ச் சொல் கிடைக்காமல்தான் நம் பிள்ளைகள் பலர் தவிக்கிறார்கள். அதனால் கதை முடிந்த கையோடு ‘பெகாலான் மாகானான்’ (உணவு விநியோகம்), ‘பெனெம்பாத்தான் செமூலா’ (மறுகுடியேற்றம்) போன்ற நாலைந்து சொற்களைக் கொடுத்து, அதே காரணத்தை மூன்று வாக்கியத்தில் எழுத வையுங்கள். 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்பிஎம் (படிவம் 5 இறுதித் தேர்வு) சான்றிதழே இல்லை. இந்த மூன்று வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாம் சேர்த்து இரண்டு பாடவேளை போதும். மனப்பாடம் கேட்டுச் செலவாகும் நேரத்தில் அது திரும்பிவிடும்.

அவசரகாலத்தை நினைவு தெரிந்து பார்த்தவர்களுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முந்திய நாளே அந்த ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், டீச்சர்.