சார், எனக்கு பி.எட். இடம் கிடைக்குமா?

கல்வியியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடம் வகுப்பெடுத்தவன் நான். சேர்க்கைக் காலம் வந்தால் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலும் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. இந்த வாரம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் இரண்டாண்டு பி.எட். பற்றியவைதான்.

சார், நான் பி.எஸ்சி. இயற்பியல். பி.சி. வகுப்பு. மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்) இரண்டும் சேர்த்து தியரியில் 2,000-க்கு 884. அதாவது 44.2 சதவீதம். 45 வேண்டுமாமே? பிராக்டிகல் தனி, அதில் 500-க்கு 396. ஒரு வருடம் வீணாகுமா? (விழுப்புரத்திலிருந்து ஒரு தங்கை)

பிராக்டிகல் தனி என்று யாரம்மா சொன்னது? மொழிப்பாடங்கள் போக, உன் துறைப் பாடங்கள் இருக்கும் பகுதி 3-ல் மேஜர், அலைடு, செய்முறை மூன்றும் சேர்ந்ததுதான் கணக்கு. 884-ஓடு 396-ஐக் கூட்டு: 1,280. மொத்தம் 2,500. வருவது 51.2 சதவீதம். தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

இதற்கு நேர்மாறாகவும் என் மேசைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம் எல்லாம் சேர்த்து 48 வரும். பகுதி 3-ஐ மட்டும் பிரித்துக் கூட்டினால் 44.7-ல் நின்றுவிடும். கால்குலேட்டரை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "அதை 45 ஆக்கிக்கலாமே சார்" என்பார்கள். ஆக்க முடியாது, முழுமையாக்கும் பேச்சே கிடையாது. குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. வீட்டிலேயே ஒரு தாளில் பகுதி 3-ஐ மட்டும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திற.

பி.காம். முடித்திருக்கிறேன், 72 சதவீதம். இவ்வளவு மார்க் இருந்தும் தகுதியில்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்? (திருப்பூர் தம்பி)

கோபம் புரிகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார். ஆறிலிருந்து பத்து வரை வணிகவியல் என்றொரு பாடவேளை உண்டா? பதினொன்றில்தான் அது தொடங்குகிறது. அங்கே எடுப்பவர் முதுநிலை ஆசிரியர். அதனால்தான் வணிகவியல், பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடக்காரர்களுக்கு முதுநிலைப் பட்டமும் அதில் 50 சதவீதமும் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் பொருளியல் இருக்கிறதே என்று கேட்பாய். அதை வரலாறோ புவியியலோ படித்த பட்டதாரி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்.

எம்.காம். சேர்ந்துவிடு. வேலையும் அந்தப் படிப்புக்குத்தானே இருக்கிறது.

கடைசி செமஸ்டரில் ஒரு அரியர். ரிசல்ட் வருவதற்குள் சேர்ந்துவிடலாமா?

கூடாது. பட்டம் தேறியிருக்க வேண்டும். "இப்போது ஃபீஸ் கட்டுங்கள், மார்க்‌ஷீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதே.

பத்து வருடமாகத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பி.எஸ்சி. மட்டும்தான். வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் பி.எட். படிக்க வழி உண்டா, ஐயா? (நாமக்கல்லிலிருந்து ஒரு ஆசிரியை)

உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பதிலைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.எட். இருக்கிறது. ஆனால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி அது ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு. அதாவது டி.டி.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்) போன்ற ஒரு பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்திருக்க வேண்டும். பத்து வருட அனுபவம் அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. இருபது வருடம் என்றாலும் அதேதான். இந்த விதி சரியா என்று கேட்டால், வகுப்பறையில் பத்து வருடம் நின்றவருக்கு ஒரு சிறு சலுகையாவது இருக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தை வைத்து இடம் வாங்க முடியாதே! உங்கள் முன்னால் இருப்பது நேரடி பி.எட். மட்டும்தான். பள்ளி நிர்வாகத்திடம் இரண்டு வருட விடுப்பு கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் "வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும், கூடக் கொஞ்சம் கட்டினால் ரெக்கார்டு எல்லாம் நாங்களே எழுதித் தருகிறோம்" என்கிறார்கள். சேரலாமா சார்?

கேட்டதற்காகவாவது பாராட்டுகிறேன், பலர் கேட்காமலே சேர்ந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு 200 வேலை நாள் நடக்க வேண்டும். பாட வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். வாரம் ஐந்து நாள் என்றால் 80 நாள். அதில் எட்டு நாளுக்கு மேல் விடுப்பெடுத்தால் வருகை குறைந்துவிடும். இதெல்லாம் ஏட்டில்தான் என்பவர்கள் உண்டு. ஆய்வு வரும்போதும், வருகைப் பதிவேடு இடிக்கும்போதும் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

விதியை விடு. அந்த 16 வாரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருமுறை பயிற்சி மாணவி ஒருத்தியின் வகுப்பைப் பார்க்க கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பு, ஒளி விலகல். அவளுடைய பாடக் குறிப்பேட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோக்கங்கள், செயல்பாடுகள், மதிப்பீட்டு வினாக்கள் எல்லாம் சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருந்தாள். ஆனால் படம் வரையும்போது பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள். பதினைந்து நிமிடம் கழித்து ஒரு பையன், "டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணாடி மட்டும்தான் தெரியுது, கதிர் தெரியல" என்றான். வகுப்பே சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரம் போனபோது பலகையின் இடது ஓரமாக நின்று, கையை நீட்டி எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனைக் கூப்பிட்டு கதிரை அவனையே வரையச் சொன்னாள். ரெக்கார்டு எழுதித் தருபவர்கள் இதை எப்படி எழுதித் தருவார்கள்?

முதல் வருடம் முடித்தேன். குழந்தை பிறந்ததால் நின்றுவிட்டேன். திரும்பச் சேர முடியுமா? (மன்னார்குடி)

சேர்ந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பது விதி. படிப்பு இரண்டு வருடம் என்பதால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வருட இடைவெளிதான். நீங்கள் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்று எழுதவில்லை. சேர்க்கை ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலம் இருந்தால் நாளைக்கே கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியதெல்லாம் பின்னால் நிற்காது.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டார்கள். வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, தர மறுக்கிறார்கள்.

சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேள். மசியவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பு. இனி எங்கே போனாலும் அசலைக் காட்டு, நகலைக் கொடு.

அரசுக் கல்லூரியில் படிக்க ஆசை. எத்தனை இருக்கின்றன, எப்படிச் சேர்வது?

ஏழு. சைதாப்பேட்டை (1856-ல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம்), திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, மகளிருக்கான கோவைக் கல்லூரி. இவற்றுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் சேர்த்துத் தரவரிசைப்படி இடம் ஒதுக்குவார்கள். விண்ணப்பம் ஆன்லைனில். சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாகமே சேர்த்துக்கொள்ளும். தகுதி மதிப்பெண் இருந்தாலே அரசு இடம் கிடைத்துவிடாது. பாடவாரியாக இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

பி.எட். முடித்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரத்தான் பிடிக்கும். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள் எழுதலாமா?

முடியாதம்மா. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பெடுக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். உனக்கு இரண்டாம் தாள்தான், ஆறு முதல் எட்டு வரை. 150-க்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. ஐந்தாறு வயதுக் குழந்தைகளோடு இருக்கத்தான் பிரியம் என்றால், பி.எட். சேருமுன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

பி.எஸ்சி. வேதியியல், எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். மூன்றும் இருக்கிறது. முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாமா?

இதற்கு கிராஸ் மேஜர் என்று பெயர். இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ, அரசாணைப்படி இணையான பாடமாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நிலை. வேதியியலும் ஆங்கிலமும் எந்த ஆணையிலும் சேராது. வேதியியலை வைத்து பட்டதாரி ஆசிரியர் பக்கம் போ, அந்த வழி திறந்திருக்கிறது. எம்.ஏ. வீண் என்று வருந்தாதே, ஆங்கிலம் தெரிந்த அறிவியல் ஆசிரியரை எந்தப் பள்ளிக்கும் பிடிக்கும்.

மிச்சமிருக்கும் கேள்விகளில் பாதி மதிப்பெண் கணக்குத்தான். அவர்கள் விழுப்புரத்துத் தங்கைக்குச் சொன்னபடி கூட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் இடித்தால் பகுதி 3 மதிப்பெண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். மார்க்‌ஷீட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம், பதிவு எண்ணெல்லாம் எனக்கெதற்கு?