எண்ணெய்ப் பசை முகத்துக்குத் திராட்சை விதை எண்ணெய் சரிவருமா?

பெரும்பாலும் சரிவரும். ஏற்கெனவே எண்ணெய் வழிகிற முகத்தில் இன்னும் எண்ணெயா என்ற உங்கள் தயக்கம் நியாயம்தான். ஆனால் இது ரொம்ப லேசான எண்ணெய். ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுப்பு அதிகம் நிற்காது. ஒயினுக்குச் சாறு பிழிந்தபின் மிஞ்சும் விதைகளிலிருந்து எடுப்பது. வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் மற்ற எண்ணெய்களைக் கலக்க இதைத் தேடுகிறார்கள்.

இதன் முக்கியச் சரக்கு லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். இந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 60 முதல் 75 சதவீதம் அதுதான். தோல் ஈரத்தைக் காக்கும் மேலடுக்கைக் கட்ட இது வேண்டும். பரு வரும் தோலின் எண்ணெய்ப் பசையில் இந்த அமிலம் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதற்காக, தடவினால் பரு போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள்.

முகம் கழுவிய ஈரத்தோடு இரண்டு மூன்று சொட்டு ஒற்றினால் போதும். லாவெண்டர் போன்ற நறுமண எண்ணெய் கலப்பதானால் 30 மில்லிக்கு ஆறு சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுங்கள்.

அப்புறம், இது சீக்கிரம் கெட்டுச் சிக்குப் பிடிக்கும். அடர்நிறச் சிறு பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சன்ஸ்கிரீனுக்கு இது மாற்று அல்ல.